வரப்புக்கு முன்னால் வந்த கோடு

சிகாகோவிலிருந்து டென்வருக்கு, மகள் வீட்டுக்குப் போகும் விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை. கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன். ஐயோவா முடிந்து நெப்ராஸ்கா வந்த பிறகும் கட்டம் மாறவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சதுரம் சதுரமாக நிலம். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். வயலைப் பார்த்தால் எனக்குப் புலப்படம்தான் தெரியும். ஆனால் நான் வரைந்த எந்தப் படத்திலும் நான்கு மூலையும் இப்படி மட்டமாக அமைந்ததில்லை.

இந்தக் கட்டத்தைப் போடச் சொன்னது, 1785 மே 20ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நிலச் சட்டம். பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர் முடிந்திருந்தது. கஜானா காலி, கடன் கழுத்துவரை. விற்றுக் காசாக்க மேற்கே நிலம் கிடந்தது. அளந்தால்தானே விற்கலாம்? ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் சதுர மைல் கணக்கில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஏக்கர் ஒரு டாலருக்குக் குறையாமல் ஏலம். 16ஆம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு.

அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று, ஒஹையோ ஆற்றங்கரையில் பென்சில்வேனியா எல்லையை ஒட்டி, தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர் அளவையைத் தொடங்கினார். கையில் கன்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 லிங்க். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்துப் பழைய புலப்படங்களெல்லாம் லிங்க் கணக்கில்தான் இருந்தன. சங்கிலிக்குச் சங்கிலி ஒரு சதுரம் போட்டால் நம்மூர் 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் ஒரு ஏக்கர். 80 சங்கிலி போனால் ஒரு மைல். செக்‌ஷனுக்கு ஏன் 640 ஏக்கர் என்பதற்கு விடை இந்தச் சங்கிலியில் இருக்கிறது.

என் முதல் மேலதிகாரி சொல்வார்: “தம்பி, முதல்ல வரப்பைப் பாரு, அப்புறம் சங்கிலியை விரி.” நாங்கள் போகும்போது வரப்பு வளைந்து நெளிந்து கிடக்கும். யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பக்கத்து நிலத்துக்காரரிடமும் கேட்போம். பிறகுதான் கோடு. அமெரிக்காவில் கோடு முதலில் வந்தது. வரப்பும் சாலையும் மனிதர்களும் அந்தக் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படியென்றால் அது ஆளில்லாத நிலமா? ஹட்சின்ஸ் நான்கு மைல்கூடச் சரியாக அளந்து முடிக்கவில்லை. பூர்வகுடிகள் தாக்குகிறார்கள் என்று செய்தி வர, வேலையை நிறுத்திவிட்டார். மறு வருஷம்தான் திரும்பினார். ஷாவ்னி, டெலவேர், மயாமி மக்கள் சோளம் விதைத்து வாழ்ந்த நாடு அது. சட்டத்தின் கண்ணுக்கு எல்லாம் புறம்போக்கு.

கட்டம் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், கால் செக்‌ஷனை, அதாவது 160 ஏக்கரை, ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிடுபவருக்கே பட்டா என்றது. இப்படிக் கைமாறியது மொத்தம் சுமார் 27 கோடி ஏக்கர். பூர்வகுடிகளுக்கு ஒதுக்கி மிச்சம் வைத்த நிலத்துக்கும் சங்கிலி வந்தது. ஊர்ப் பொதுவாக இருந்ததைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் வீதம் பங்கு போட்டு, மீந்ததை உபரி என்று விற்க வழிசெய்தது 1887ஆம் ஆண்டின் டாஸ் சட்டம். அப்போது அவர்களிடம் சுமார் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934இல் சுமார் 4.8 கோடி.

சங்கிலிக்கு மழையும் தெரியாது. மேற்கே போகப் போக வறண்ட பூமி. நீர் இருக்கும் இடத்தைப் பார்த்து எல்லை போடுங்கள் என்று 1878இலேயே அறிக்கை கொடுத்தார் ஜான் வெஸ்லி பவல் என்பவர். கேட்பாரில்லை. விமானத்திலிருந்து நான் பார்த்த பச்சை வட்டங்கள், நிலத்தடி நீரை உறிஞ்சிச் சுழன்று தெளிக்கும் குழாய்கள் போட்டவை. ஒவ்வொரு வட்டமும் ஒரு 160 ஏக்கர் சதுரத்துக்குள் அடங்கி நிற்கிறது.

அந்தக் காலத்துக் கள அளவைக் குறிப்பேடுகளை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். மகள் எடுத்துக் கொடுத்தாள். மூலைக்கம்பத்துக்குப் பக்கத்து மரத்தைச் செதுக்கிச் சாட்சி மரம் ஆக்குவார்கள். என்ன மரம், எவ்வளவு பருமன், எத்தனை லிங்க் தூரம் என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அன்றைய காடு எப்படி இருந்தது என்று அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். அங்கங்கே ஒரு வரி: கோட்டின் குறுக்கே இந்தியர் பாதை, அதாவது பூர்வகுடிகளின் பாதை. அது எத்தனையாவது சங்கிலியில் குறுக்கிடுகிறது என்பதும் இருக்கிறது. தொழில்காரனாக எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, அளவு சுத்தம். பாதை இருந்தால் நடந்தவர்கள் இருந்திருப்பார்கள். யார் அனுபவம் என்று கேட்கத்தான் அந்தக் குறிப்பேட்டில் இடமில்லை.