பொத்தானும் பட்டனும்

சட்டையின் மார்பில் வரிசையாய் நிற்கும் சிறு வட்டுக்குப் பொத்தான் என்று பெயர். வாயைப் பொத்துதல், காதைப் பொத்துதல் என்னும் வழக்குகளில் பழகிய நமக்கு, இதுவும் அவ்வினையினின்று பிறந்த தமிழ்ச்சொல்லே என எண்ணத் தோன்றும். ஆயின் இது கடல் கடந்து வந்த சொல். போர்த்துக்கீசரின் 'பொத்தாவ்' நம் நாவில் பொத்தான் ஆயிற்று. சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகியனவும், நம்மைக் குறிக்கும் பாதிரி என்னும் சொல்லும் அவ்வழி வந்தவையே.

போர்த்துக்கீசர் பதினாறாம் நூற்றாண்டில் மயிலைக் கரையில் குடியேறினர். அவர்தம் வழிவந்த வணிகர் ஜான் டிமாண்டி 1808-இல் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் நம் கோவளத்தில் இன்றும் நிற்கின்றது. கப்பலில் சரக்கோடு சொற்களும் இறங்கின.

அச்சொல்லின் மூலம் யாது? பழைய பிரெஞ்சு மொழியில் தள்ளுதலைக் குறித்த ஒரு வினை உண்டு. கிளையைத் தள்ளிக்கொண்டு வெளிவரும் மொட்டுக்கு அதனடியாகப் பெயர் அமைந்தது. மொட்டை ஒத்திருந்தமையால் ஆடையின் குமிழும் அப்பெயரே பெற்றது. போர்த்துக்கீசருக்கு இன்றும் மலர்மொட்டும் சட்டைப் பொத்தானும் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலோ பட்டன் என்பது தொப்புளுக்கும் சிறு காளானுக்கும் அடைமொழியோடு வழங்குகின்றது; அழைப்பு மணியின் விசையும் அதுவே. 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக மின்னணு இயந்திரத்தில் வாக்களித்தோரும் பொத்தானையே அழுத்தினர். தள்ளுதலில் பிறந்த சொல் அழுத்துதலுக்கே திரும்பி வந்தது காண்க!

குருக்களின் நீண்ட அங்கியில் முப்பத்து மூன்று பொத்தான்கள் வைப்பது ஒரு மரபு. அவை ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளை நினைவூட்டுவன.

வந்த சொல்லை அந்நியம் என்று விலக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. நானூறு ஆண்டுகளாக நம் அன்னையர் ஊசி நூலோடு வழங்கி அதனைத் தமிழாக்கிவிட்டனர். கவலை வேறொன்று. இன்று நம் பிள்ளைகள் 'பட்டன்' என்றே சொல்கின்றனர். விருந்தாய் வந்து வீட்டுப் பிள்ளையான சொல்லை, அதன் ஆங்கில உடன்பிறப்பே வெளியேற்றுகின்றது. இதற்கு ஆணை எதுவும் பிறக்கவில்லை. வீட்டில் நாம் சொல்லாது விட்டதே காரணம்.

பெற்றோரே, பள்ளிச் சீருடையில் அறுந்ததைத் தைத்துக் கொடுக்கும்போது, அதன் பெயரையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.