உங்களுக்குத் தெரியுமா? பட்டறையில் பிறந்த ஆங்கிலம்

கெலவரப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். சிப்காட் கேட்டைத் தாண்டினால் நான்காவதாக ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும், தொடர் மட்டும் பிடிபடாது. காரணம், மரபுத்தொடர்கள். அவற்றில் பல வேலைசெய்யும் இடங்களில் பிறந்தவை. அந்த வேலை தெரிந்தவருக்குப் பாதி அர்த்தம் தானாக வரும்.

● தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மழை வலுத்தால் இங்கே ஷட்டர் திறப்பார்கள். 'ஓப்பன் தி ஃப்ளட்கேட்ஸ்' என்பதும் அதுதான்: ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால், பின்னாலேயே ஊரே வந்து நிற்கும். 'வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ்' என்றால் வேறு: போனது போகட்டும், இனி அதைக் கிளறாதே.

● 'த்ரோ எ ஸ்பேனர் இன் தி வொர்க்ஸ்' என்றால், ஒழுங்காக நடக்கும் காரியத்தில் குறுக்கே விழுந்து கெடுப்பது. ஓடுகிற மெஷினுக்குள் ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும் என்று ஃபிட்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் இதில் ஸ்பேனருக்குப் பதிலாக 'மங்கி ரெஞ்ச்' போடுவார்கள்.

● 'கீப் யுவர் நோஸ் டு தி கிரைண்ட்ஸ்டோன்' என்றால், தலை நிமிராமல் உழைப்பது. 16-ஆம் நூற்றாண்டில் இதன் பொருளே வேறு: அடுத்தவன் மூக்கைச் சாணைக்கல்லில் வைத்து அழுத்துவது, அதாவது கொடுமைப்படுத்துவது. சாணைச் சக்கரத்துக்குப் பயன்படும் கடினமான கனிமத்துக்கு ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று பெயர். அது நம் 'குருந்தம்' தந்த சொல்.

● 'ஆசிட் டெஸ்ட்' நகைத் தொழிலில் பிறந்தது. உரைகல்லில் தேய்த்த கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் விட்டால் செம்பு கரைந்துவிடும், தங்கம் அசையாது. எனவே, இறுதியாக உண்மையைக் காட்டிவிடும் சோதனை என்று பொருள். தமிழில் அந்த இடத்துக்கு 'உரைகல்' என்றே சொல்லலாம்.

● 'லைக் கிளாக்வொர்க்' என்றால் பிசகாமல், சொன்னபடி நடப்பது. கிளாக்வொர்க் என்பது ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் கொண்ட கடிகாரப் பொறி. ஓசூரில் கைக்கடிகாரம் செய்யும் டைட்டன், டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கியது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்ததே அந்தப் பெயர்.

● 'பேக் டு தி டிராயிங் போர்டு' ஒரு கேலிச்சித்திரத்தால் பரவியது. 1941-இல் 'நியூயார்க்கர்' இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்தார்: விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்க, அதை வடிவமைத்தவர் வரைபடச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிதானமாகத் திரும்பி நடக்கிறார். திட்டம் தோற்றது, முதலிலிருந்து தொடங்கு என்று பொருள்.

● 'டெட்லைன்' முதலில் நிஜமான கோடு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அதைத் தாண்டிய கைதியைச் சுட்டுவிடுவார்கள். இன்று தாண்டினால் மேலாளரின் திட்டோடு சரி.

● வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேசுவோர் கவனத்துக்கு: ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், இப்போதே பேசலாம் என்று அர்த்தம். அமெரிக்கர் சொன்னால், ஒத்திப்போடலாம் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பு அதிகாரிகளும் இதனால் நீண்ட நேரம் வாதிட்டதாக சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

● 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று லண்டனில் சொன்னால் விழிப்பார்கள். கம்பெனி ஆட்சியில் அதிகாரிகள் பணியமர்த்தப்பட்ட ஊர் 'ஸ்டேஷன்'. ஆட்சி போயிற்று, தொடர் நம்மிடம் தங்கிவிட்டது. வெளிநாட்டவருக்கு 'அவுட் ஆஃப் டவுன்' என்று எழுதுங்கள்.

● ஆங்கிலத்துக்குத் தொடர் தந்தவர் ஒருவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தார். தொழில் தொடங்க ஒன்றன்பின் ஒன்றாக அனுமதி கேட்ட அரசு முறையைச் சாடி, 'லைசென்ஸ்-பர்மிட் ராஜ்' என்றார் ராஜாஜி. பொருளாதார நூல்களில் அந்தத் தொடர் இன்றும் புழங்குகிறது.