கைராசியும் கணக்கும்

இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாததால் வரும் நெஞ்சுவலிக்கு 1950களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆபரேஷன் மளமளவென்று பரவியது. நெஞ்செலும்பின் இரு பக்கமும் உள்ளே இறங்கிவரும் இரண்டு ரத்தக்குழாய்களை நூலால் கட்டிவிடுவார்கள். கீழே இறங்க வழியில்லாத ரத்தம் பக்கக் கிளைகள் வழியாக இதயத் தசைக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. யோசனை இத்தாலியிலிருந்து வந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மார்பில் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பக்கத்துக்கு ஒரு சிறு கீறல் போட்டால் போதும். செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1957இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழே இதைப் பாராட்டி எழுதியது. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. மருத்துவர்களும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். இருந்தும் அந்த முடிச்சால் எந்தப் பயனும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அதைக் காட்டியவர்கள் சியாட்டில் நகரில் இதய மருத்துவர் லியோனார்ட் காப்பும் அவருடைய சகாக்களும். கடும் நெஞ்சுவலி உள்ள 17 பேரை எடுத்துக்கொண்டார்கள். மரத்துப்போகும் ஊசி, கீறல், ரத்தக்குழாயைத் தேடிப் பிரித்தெடுப்பது வரை எல்லோருக்கும் ஒன்றுபோலவே நடந்தது. குழாய் வெளியே தெரிந்த பிறகுதான் அறுவை மருத்துவரிடம் மூடிய உறை ஒன்று தரப்படும். கட்டச் சொல்லியிருந்தால் முடிச்சுப் போடுவார். இல்லையென்றால் குழாயை அப்படியே விட்டுத் தையல் போட்டு மூடிவிடுவார். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. 8 பேருக்குக் கட்டியிருந்தார்கள், 9 பேருக்குக் கட்டவில்லை. 1959 மே மாதம் முடிவு வெளியானது. கட்டியவர்களில் 5 பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். கட்டாதவர்களிலும் 5 பேர் அதையே சொன்னார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் மாத்திரையின் தேவை முதல் பிரிவில் 34 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 42 சதவீதமும் குறைந்திருந்தது. வெறும் கீறல் மட்டும் பட்டவர்களுக்குத்தான் சற்றுக் கூடுதல் நிவாரணம்!

பதினேழு பேரை வைத்து ஒரு சிகிச்சையையே தள்ளிவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறிய நன்மை ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அது கண்ணில் படாமல் போயிருக்கும். ஆனால் அதுவரை பேசப்பட்டது சிறிய நன்மை பற்றி அல்ல. பெரும்பாலோருக்குக் குணம் என்பதே பேச்சு. மறு ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் தனியாக 18 பேரிடம் நடத்திய சோதனையிலும் இதே கதைதான். அங்கே கீறல் மட்டும் போடப்பட்ட ஐந்து பேருமே தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த ஆபரேஷன் அதோடு வழக்கொழிந்தது. நெஞ்சுவலி ஒரே சீராக இருக்கும் நோய் அல்ல, ஏறும், இறங்கும். மிகவும் மோசமாக இருக்கும்போதுதான் கத்திக்குச் சம்மதிப்பார்கள் என்பதால், அதன் பிறகு தானாக இறங்கும் வலியும் கத்தியின் கணக்கிலேயே சேரும். பெரிய மருத்துவர் மீதுள்ள நம்பிக்கை, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்ற நிம்மதி இரண்டும் கூடவே வேலை செய்யும். ஹார்வர்டின் ஹென்றி பீச்சர் 1961இல் அறுவை சிகிச்சையும் வெற்று மாத்திரையைப்போல நம்பிக்கையால் குணம் காட்டக்கூடியது என்று எழுதினார். ஆர்வத்தோடு செய்தவர்களின் முடிவுகளும் சந்தேகத்தோடு செய்தவர்களின் முடிவுகளும் எவ்வளவு விலகி நின்றன என்பதை எண்களோடு எடுத்துக்காட்டினார்.

ஆய்வுக்கூடத்தில் நன்றாகச் சோதித்துவிட்டு வந்தால் இந்தத் தவறு நேராது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓவன் வாங்கன்ஸ்டீனைவிடச் சிறந்த பிரதிநிதி கிடையாது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1967 வரை அறுவைத் துறைத் தலைவர். குடல் அடைப்புக்கு மூக்கு வழியே குழாய் விட்டு உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். இளம் அறுவை மருத்துவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் ஆக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அப்படிப்பட்டவர்தான் 1962இல் அல்சருக்கு இரைப்பையை உறையவைக்கும் முறையை அறிவித்தார். நோயாளி ஒரு பலூனை விழுங்குவார்; பூஜ்யத்துக்குக் கீழே குளிரூட்டிய திரவம் அதில் சுமார் ஒரு மணி நேரம் சுற்றிவரும்; அமிலம் சுரப்பது குறையும், புண் ஆறும். நாய்களிடம் சோதித்துத்தான் மனிதர்களிடம் வந்தார். கருவிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. சிலருக்கு ரத்தக்கசிவும் இரைப்பையில் புதுப் புண்ணும் வந்தன. கடைசியில், 1969இல் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு வந்தது. 160 நோயாளிகளில் 82 பேருக்கு உண்மையான உறைவு. மற்ற 78 பேருக்குக் குழாய் மட்டும் சில்லென்று இருந்தது, வயிற்றுக்குள் பலூன் உடல் சூட்டிலேயே இருந்தது. இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அமிலம் குறைகிறதா என்று நாயிடம் பார்க்கலாம். நோயாளிக்கு வலி நின்றதற்குக் காரணம் என்ன என்பதை நாயிடம் கேட்க முடியாது.

இதே துறையிலிருந்துதான் திறந்த இதய அறுவையும் பிறந்தது. 1954 மார்ச்சில் வால்டன் லில்லஹை, இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையின் ரத்த ஓட்டத்தைத் தந்தையின் உடலோடு இணைத்து, அவருடைய இதயமும் நுரையீரலும் இருவருக்குமாக வேலை செய்ய, ஓட்டையை அடைத்தார். அப்படிச் செய்த 45 பேரில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். அவர் எந்த உறையையும் பிரிக்கவில்லை. சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. அப்படியானால் இந்தச் சோதனைகளெல்லாம் அறுவைக்குத் தேவையில்லாத சுமையா? இல்லை என்பதே என் முடிவு. விட்டால் பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்த குழந்தை பிழைத்தால், அதற்கு வேறு சாட்சி வேண்டாம். தானாக ஏறி இறங்கும் வலிக்கும் புண்ணுக்கும் அப்படி ஒரு சாட்சி கிடையாது. அங்கே கைராசியை நம்பிப் பயனில்லை, ஒப்பீடு கட்டாயம். மருந்துத் துறை இதை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. சியாட்டில் முடிவு வந்த அதே 1959இல்தான் சென்னையின் காசநோய் ஆய்வு மையமும் தன் முடிவை வெளியிட்டது. சானடோரியத்தில் படுக்கவைத்த நோயாளிகளையும் நெருக்கடியான வீடுகளிலேயே மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் சீட்டுப் போட்டதுபோல் பிரித்து ஒப்பிட்டு, குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டிய ஆய்வு அது.

பலன் இல்லாத கீறலை ஒருவர் மார்பில் போடுவது தர்மமா என்ற ஆட்சேபம்தான் இவை எல்லாவற்றிலும் கனமானது. சியாட்டிலில் அந்த 17 பேருக்கும் இது ஆபரேஷனை மதிப்பிடும் ஆய்வு என்று மட்டுமே சொன்னார்கள். தங்களில் சிலருக்குக் குழாய் கட்டப்படாது என்பதைச் சொல்லவில்லை. அது தவறு. சோதனைக்கு ஆட்படுபவரின் சம்மதம் கட்டாயம் என்று நியூரம்பெர்க் நெறிமுறை 1947லேயே சொல்லிவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்று விட முடியாது. ஆனால் தவறு மறைத்ததில்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்ததில் இல்லை. ஒப்பிடாமல் பலன் இல்லாத கீறலை எண்ணற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டே போவதை யாரும் அதர்மம் என்று சொல்லவில்லை, அதற்குச் சிகிச்சை என்று பெயர் இருந்ததால். உண்மையைச் சொல்லிவிட்டால் யார் சம்மதிப்பார்கள் என்ற கேள்விக்கு ஹூஸ்டனில் பதில் கிடைத்தது. மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளையிட்டுச் சுத்தம் செய்யும் ஆபரேஷனை அங்கே 180 பேரிடம் சோதித்தார்கள். தனக்குப் பொய் ஆபரேஷன் மட்டுமே நடக்கலாம் என்று ஒவ்வொருவரும் தன் மருத்துவக் குறிப்பேட்டில் தானே எழுதிக்கொடுத்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். 2002இல் வந்த முடிவில் உண்மையான ஆபரேஷன் எந்த விதத்திலும் மேலாக இல்லை.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நாள்பட்ட வலிக்காக ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால், இதைச் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா, முடிவு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.