வெடிக்கடையில் எண்ண வேண்டியது நாளா, கிலோவா?

தீபாவளி முடிந்ததும் கொட்டகைக் கடைகளைப் பிரித்துவிடுவார்கள். நிரந்தரக் கடைகள் அப்படியே இருக்கும். கோயில் கொடை, இறுதி ஊர்வலம், தேர்தல் வெற்றி என்று நம்மூரில் வெடிக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை உண்டு. தலைவர் பிறந்தநாள் வேறு இருக்கிறது.

2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இரண்டு வகைக் கடைகளையும் தனித்தனியே பார்க்கின்றன. நிரந்தரக் கடைக்குச் செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடம் வேண்டும். தரைத்தளத்தில், 9 முதல் 25 சதுர மீட்டருக்குள். மேல்மாடியில் குடித்தனம் கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ லிஃப்ட் பக்கத்திலோ இருக்கக் கூடாது. தப்பிக்கத் தனி வழி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தற்காலிகக் கடைக்குக் கேட்பது சுவர் அல்ல, இடைவெளி: எளிதில் தீப்பற்றாத கொட்டகைகள், குறைந்தது 3 மீட்டர் தள்ளி, எதிரெதிரே வாசல் இல்லாமல், ஓரிடத்தில் 50-க்கு மிகாமல்.

பிரிட்டன் நாட்காட்டியை நம்புகிறது. 2004 விதிகளின்படி சாதாரணக் கடைகள் அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை, ஆண்டுக் கடைசி ஆறு நாள், சீனப் புத்தாண்டு, தீபாவளியை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே விற்கலாம். ஆண்டு முழுக்க விற்கத் தனி உரிமம், கட்டணம் 500 பவுண்டு. ஆனால் வாங்கியதை வேறொரு நாள் கொளுத்தத் தடையில்லை. டெல்லியிலும் இந்தச் சிக்கல்தான். ஆண்டு முழுக்க வாங்கிச் சேர்த்துவைப்பார்கள் என்பதால் பட்டாசுக்கு மூன்று, நான்கு மாதம் மட்டும் தடை போட்டால் பயன்படாது என்றது உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதியும் தந்தது!

நாளை எண்ணுவது சுலபம். கிலோவை எண்ணுவதுதான் கடினம். உயிர் போவதும் அங்கேதான். எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்று உரிமத்திலேயே இருக்கிறது. லாரி லாரியாக இறங்கும் நேரத்தில் அதை யார் சரிபார்க்கிறார்கள்? 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்தபோது தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள்.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஐப்பசியில் கடை கடையாக ஏறி இறங்கும் அதிகாரிகள் ஆடியிலேயே தராசோடு கிளம்பினால் என்ன?