பேர் தெரியணும்னா முதல்ல மணி தெரியணும்: ஃப்ரீபிஎஸ்டியும் அன்பவுண்டும்

டிஎன்எஸ் சர்வரை ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயே வெச்சு அனுப்பினா என்ன ஆகும்? இன்னைக்கு அதைப் பத்திதான். நான் வீட்ல திட்டு வாங்கின கதையும் இதுல இருக்கு.

எங்க ஊர் விழிதியூர். சுத்தி தமிழ்நாடு. ஆனா பட்டா விஷயமா நாகப்பட்டினத்துல போய் நின்னா, "இது எங்க எல்லை இல்லப்பா, காரைக்கால்ல கேளு"ம்பாங்க. காரைக்காலுக்கு மேலிடம் புதுச்சேரி. டிஎன்எஸ்ஸும் இப்படித்தான், யார் பொறுப்புன்னு மேல இருந்து படிப்படியா கேட்டுக்கிட்டே வரணும். அந்த அலைச்சலை நமக்காக அலைஞ்சு, பதிலை ஞாபகம் வெச்சுக்கிறது ரிசால்வர். பொறுப்பான ஆளா உக்காந்து பதில் சொல்றது வேற வேலை.

பைண்ட் ரெண்டு வேலையும் செய்யும். பெர்க்லி பல்கலைக்கழகத்துல எழுதினது; 1986-ல 4.3பிஎஸ்டியோட சேர்ந்தே வந்துச்சு. ஃப்ரீபிஎஸ்டி அதே வம்சம்ங்கிறதால அதுலயும் பைண்ட் ரொம்ப வருஷம் குடியிருந்தது. தொல்லை என்னன்னா, சிஸ்டத்தோட அடிப்படைப் பகுதியில ஒரு மென்பொருள் இருந்தா, அதுல ஓட்டை விழும்போதெல்லாம் ஓஎஸ் டீம்தான் பேட்ச் கொடுக்கணும். பைண்டுல ஓட்டை அடிக்கடி விழும். நம்ம லேப்டாப்புக்குத் தேவையோ வெறும் ரிசால்வர்தான். அதனால 2014 ஜனவரில வந்த ஃப்ரீபிஎஸ்டி 10.0-ல பைண்டை வெளிய எடுத்துட்டு, நெதர்லாந்தோட என்எல்நெட் லேப்ஸ் எழுதின அன்பவுண்டை உள்ள வெச்சாங்க. 'டிக்' கமாண்டும் கூடவே போச்சு, பதிலுக்கு 'ட்ரில்'. என் விரல் இன்னும் 'டிக்'னுதான் அடிக்குது.

ஆர்சி.கான்ஃப்ல ஒரே வரி சேர்த்து லோக்கல் அன்பவுண்டை ஆன் பண்ணா போதும். ஒரு ஸ்க்ரிப்ட் ஓடி, ரிசால்வ்.கான்ஃப்ல இருக்கிற பழைய சர்வர் முகவரிகளை ஃபார்வர்ட் பட்டியலுக்கு மாத்திட்டு, அந்த இடத்துல 127.0.0.1-னு எழுதிடும். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பும் தானாவே ஆன் ஆயிடும். அதாவது, வர்ற பதில்ல இருக்கிற டிஜிட்டல் கையெழுத்தைப் பாத்துட்டுதான் உள்ள விடும். அது அந்த மெஷினுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நான்தான் பெரிய ஆள் மாதிரி வீட்டு வைஃபை மொத்தத்துக்கும் திறந்துவிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி பூரா கரண்ட் இல்ல. காலைல வந்துச்சு. "தம்பி, நெட்டு வரலடா"ன்னு அம்மா. தங்கச்சிக்கு காலேஜ் கவுன்சிலிங்ல விருப்பப் பட்டியல் கொடுக்க அன்னைக்கே கடைசி நாள். டவர்ல பேக்கப் தீர்ந்து மொபைல் டேட்டாவும் இல்ல. நம்பர் முகவரிக்கு பிங் போகுது. பேரைக் கேட்டா மட்டும் 'செர்வ்ஃபெயில்'. கேபிள்காரரை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே ஒரு மணி நேரம் ரவுட்டரை நோண்டினேன். அப்புறம்தான் எதேச்சையா 'டேட்' அடிச்சுப் பாத்தேன். 2009 ஜனவரி!

அந்தப் பழைய டெஸ்க்டாப்ல சிமாஸ் பேட்டரி செத்துப்போச்சு. கையெழுத்துக்கு எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரை செல்லும்னு கணக்கு உண்டு. இன்டர்நெட்டோட ரூட்லயே டிஎன்எஸ்செக் கையெழுத்து வந்தது 2010 ஜூலைலதான். 2009-ல நிக்கிற மெஷினுக்கு, வர்ற எல்லா கையெழுத்தும் இன்னும் பிறக்காத பிள்ளை. அதனால எல்லாத்தையும் தள்ளிடுது. சரி, என்டிபி வந்து மணியைத் திருத்தலாமேன்னா, டைம் சர்வரோட பேரைக் கண்டுபிடிக்க அதுவும் அன்பவுண்டைத்தான் கேக்கணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது.

கையால 'டேட்' போட்டு, அன்பவுண்டை ரீஸ்டார்ட் பண்ணதும் எல்லாம் வந்துருச்சு. தங்கச்சி பட்டியலைக் கொடுத்துட்டா, என்கிட்ட ரெண்டு நாள் பேசல.

அப்புறம் மூணு வேலை செஞ்சேன். அன்பவுண்ட் கான்ஃபிகரேஷன்ல டைம் சர்வர் டொமைனை மட்டும் 'டொமைன்-இன்செக்யூர்'னு போட்டேன். அந்த ஒரு பேருக்கு மட்டும் கையெழுத்து கேக்காது. நேரம் 1000 செகண்டுக்கு மேல தள்ளியிருந்தா என்டிபிடி கையை விரிச்சுடும். அதனால ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு தள்ளியிருந்தாலும் ஒரு தடவை திருத்திக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணேன். மூணாவது, காரைக்கால் போய் ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கி மாட்டினேன். வைஃபையில ரெண்டாவது டிஎன்எஸ் முகவரி ஒண்ணும் போடச் சொல்லி தங்கச்சி உத்தரவு, போட்டாச்சு.