சுளகின் வாய்

அண்மையில் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் மாடி வீட்டிற்குச் சென்றிருந்தேன். வரவேற்பறைச் சுவரில், வண்ணந் தீட்டிய சுளகொன்று வாய் கீழாகத் தொங்கிற்று. அழகுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கி வந்ததாக நண்பர் கூறினார். உள்ளிருந்து வந்த அவர்தம் தாயாரோ, "சுளகின்ர வாயைக் கீழ பாக்கத் தொங்கவிடாதை தம்பி, இருக்கிறதெல்லாம் கொட்டிப் போகுமெண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்று கடிந்துகொண்டார். அக் கடிந்துரையின் பொருளை ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

பனையின் ஓலையும் ஈர்க்கும் நாரும் கொண்டு நம்மவர் இழைக்கும் சுளகு, மூன்று புறமும் விளிம்புயர்ந்து ஒரு புறம் திறந்திருப்பது. திறந்த அப்புறமே அதன் வாய். தமிழகத்தார் இதனை முறம் என்பர். ஆண்டு மூங்கிலே பெரிதும் பயன்படும். தானியத்தை மேலெறிந்து பதர் போக்குதல் புடைத்தல். பருமணியையும் நொய்யையும் பிரித்தல் கொழித்தல். மாவை மெல்லத் தட்டி நுண்ணியதைப் பிரித்தெடுத்தல் தெள்ளுதல். தெள்ளுதலும் தெளிவும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அடுக்களைச் சொல்லொன்று அறிவின் சொல்லோடு உறவு கொண்டமை எண்ணி மகிழத்தக்கது.

விநாயகப் பெருமானுக்குச் சூர்ப்பகர்ணர் என்றொரு பெயருண்டு. சூர்ப்பம் சுளகு. சொற்களிற் பதரை நீக்கி மணியைக் கொள்ளும் செவியுடையார் என்று பெரியோர் விளக்குவர். வடநாட்டில் அம்மை நோய்த் தெய்வமாகிய சீதளாதேவியின் தலைமீதும் சுளகு காணப்படும். பண்டைத் தமிழ்க் கட்டுவிச்சி சுளகில் நெல்லிட்டே குறி பார்த்தாள். திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் இக்காட்சி வருகின்றது. பிறந்த பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த தாய், பின் பிறந்த மகவைச் சுளகிற் கிடத்திப் பிறர்க்குக் கொடுத்து, தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்குவதும் தமிழரிடை வழங்கிய வழக்கம். தவிட்டன், குப்பன் என்னும் பெயர்களைக் கேட்டு நகைப்போர், அவற்றின் பின்னுள்ள தாயின் அச்சத்தை அறியார். பண்டைக் கிரேக்கரும் புதுமகவைச் சுளகிற் கிடத்தினர். அவர்தம் தெய்வமாகிய தயோனீசசுக்கும் சுளகே தொட்டிலாயிற்று.

இனி, அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாகோ மக்களின் சடங்குக் கூடையை நோக்குவாம். அவர்கள் நம்பிக்கையைக் கூடையின் கோலத்திலேயே இழைத்துவிட்டனர். நடுவிடம் முன்னோர் நிலத்தின் கீழிருந்து வெளிப்போந்த இடம், கரும்படிகள் மலைகளும் முகில்களும், செவ்வளையம் கதிரொளி. இவ்வாறு பொதுவாகப் பொருள் கூறுவர். ஆளுக்காள் சிறிது வேறுபடுவதுமுண்டு. இவ்வளையங்களை ஊடறுத்து ஒரு வழி விடப்பட்டிருக்கும். சடங்கில் அவ்வழி கிழக்கு நோக்க வேண்டும். விளிம்புப் பின்னல் முடியுமிடமும் அதற்கு நேரே அமைவதால், இருளிலும் மருத்துவர் விரலால் தடவித் திசையறிவார். இதனை வாசிங்டன் மாத்தியூசு என்னும் படை மருத்துவர் 1894இல் எழுதி வைத்தார். வியப்பு யாதெனில், இக்கூடைகளை இழைப்போர்க்கு விதிக்கப்பட்ட விலக்குகள் மிகப் பலவாதலின், அயலாராகிய பையூட்டு, யூட்டு மக்களே பெரும்பாலானவற்றைச் செய்து கொடுத்து வந்தனர்.

நவாகோ கூடையை நூதனசாலைக் கண்ணாடிக்குள் வைத்தாலும் அதன் வழி கண்ணுக்குத் தெரியும். நம் சுளகிலோ நம்பிக்கை கோலத்தில் இல்லை; பிடிக்கும் கையிலும், வைக்கும் முறையிலும், விளக்கேற்றிய பின் புடைக்கலாகாது என்னும் விலக்கிலுமே உள்ளது. கை ஓய்ந்தால் அதுவும் ஓயும். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை கைப்பணியைப் பேணி வருகின்றது. எனினும், போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காகச் சாய்ந்த பனைகள் பல. பிளாத்திக்குச் சுளகோ கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் மலிந்துவிட்டது.

அன்று நான் விடைபெறுமுன், அவ்வம்மையார் சுளகைச் சுவரிலிருந்து எடுத்து, பிடியரிசியிட்டு நான்கு முறை புடைத்துக் காட்டினார். எண்பதைக் கடந்த கைகளிலும் தாளம் தவறவில்லை. ஆனால் வாய்வழியே எதுவும் பறக்கவில்லை. கடைப்பை அரிசியிற் பதர் ஏது?