சட்டத்தின் முன் நிற்கும் பிள்ளையும் குடும்ப ஆலோசனையும்

18 வயது நிறைவடையாத ஒருவர் மீது குற்ற வழக்கு வந்தால், அதனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமமாகும். ஒரு நீதித்துறை நடுவரும், குறைந்தது ஒரு பெண் உட்பட இரு சமூகப் பணியாளர்களும் அதில் இடம்பெறுவர். பிள்ளைக்கு அறிவுரை கூறி, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்கச் செய்து, வீட்டிற்கு அனுப்பும் அதிகாரத்தை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இக்குழுமத்திற்கு அளிக்கிறது.

எனினும் இவ்வாலோசனைக்கு மனமுவந்து வருவோர் குறைவு. “தவறு செய்தவன் அவன், எங்களுக்கு எதற்கு ஆலோசனை?” என்பது பெற்றோரின் கேள்வி. “வீட்டில் கேட்கும் ஏச்சை இங்கும் கேட்கவேண்டுமா?” என்பது பிள்ளையின் தயக்கம். பழி தம்மீது விழுமோ என்னும் அச்சமே இரண்டிற்கும் அடிப்படை.

போடிநாயக்கனூர்ப் பகுதியில் இதனுடன் மற்றொரு தடையும் உண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் பெற்றோருக்கு, ஆலோசனைக்கு வருவதென்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அவர்கள் வராததை அக்கறையின்மை என்று கருதலாகாது. தோட்டத்தில் விடுமுறை நாள் எதுவென்பதை ஆலோசகரிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் முன்கூட்டியே தெரிவித்து, அந்நாளில் நேரம் கேளுங்கள்.

விருப்பத்துடன்தான் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1970களில் அமெரிக்காவில் உருவான ‘செயல்சார் குடும்பச் சிகிச்சை’, குடும்பத்தாரிடம் விருப்பத்தை உண்டாக்குவதையே தன் முதற்கட்டப் பணியாகக் கொண்டுள்ளது. யார் குற்றவாளி என்னும் பேச்சு அங்கே தணிக்கப்படுகிறது. தந்தையின் கோபத்திற்குள் மகனை இழந்துவிடுவோமோ என்ற அச்சமும், மகனின் மௌனத்திற்குள் வெட்கமும் இருக்கக்கூடும் என்பதை ஆலோசகர் எடுத்துரைப்பார். ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிய பின்னரே, இரவில் வீடு திரும்பும் நேரம், மீண்டும் பள்ளி செல்லுதல் போன்றவை பேசப்படும்.

முதல் அமர்விலேயே, எவை குழுமத்திற்குத் தெரிவிக்கப்படும், எவை அறைக்குள்ளேயே இருக்கும் என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளையின் பெயரையோ படத்தையோ செய்திகளில் வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் அறிந்திருங்கள்.

மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய கட்டணமில்லா எண்களை எந்நேரமும் அழைக்கலாம். பெற்றோர் இருவரும் ஒருசேர வர இயலாவிடில், இயன்ற ஒருவர் பிள்ளையுடன் முதலில் வாருங்கள். மற்றவர் அடுத்த அமர்வில் சேர்ந்துகொள்ளலாம்.